கனாசாவா வீட்டில் முதல் பத்து வாரங்கள்

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஜப்பானின் கனாசாவா நகருக்கு ஓராண்டுப் பரிமாற்ற மாணவியாக வந்தேன். விடுதியில் அறை வேண்டுமா, ஒரு குடும்பத்தோடு தங்க விருப்பமா என்று விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தார்கள். குடும்பம் என்று எழுதியதற்கு மொழி சீக்கிரம் வரும் என்பது ஒரு காரணம். வேலைக்குப் போன இடத்திலெல்லாம் தனியறையில் இருந்து பழகிய என் அண்ணன், இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார ஓர் ஆள் இல்லாததுதான் வெளியூர் வாழ்க்கையில் தாங்க முடியாதது என்று சொன்னது இன்னொரு காரணம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் இரண்டரை மணி நேரம். கனாசாவா நிலையத்தில் என் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்குப் பயன்படும் கத்தகானா எழுத்தில் எழுதிய அட்டையோடு மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான்கு நாள் கழித்துத்தான் அந்த அட்டையை மூன்று முறை திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

வீட்டில் மூவர். அம்மாவை ஒக்காசான் என்றும், அப்பாவை ஒத்தோசான் என்றும், அப்பாவின் தாயாரான எண்பத்து மூன்று வயதுப் பாட்டியை ஒபாச்சான் என்றும் அழைக்கச் சொன்னார்கள். மகள் ஒசாக்காவில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அறைதான் எனக்கு. பெட்டியை அறையில் வைக்கும் முன்பே ஒக்காசான் வாசல் அலமாரியைத் திறந்து நான்கு முதுகுப்பைகளைக் காட்டினார். தண்ணீர், கைவிளக்கு, அவசரத்துக்குச் சாப்பிட அரிசிப் பொட்டலங்கள், கனத்த கையுறை. மூன்று பழையவை, நான்காவது புதியது. அதில் என் பெயர் ஒட்டியிருந்தது. நிலநடுக்கம் வந்தால் இதை எடுத்துக்கொண்டு எந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தில் விரலால் கோடிட்டுக் காட்டிவிட்டுத்தான் மாடிக்கு அழைத்துப் போனார். 2024 ஜனவரி 1 மாலை 4.10-க்கு நோதோ தீபகற்பத்தை உலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கம் இந்த நகரத்தையும் பலமாக ஆட்டியது. உங்கள் ஊரில் நிலநடுக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை, ஆனால் நான் பிறந்த ஆண்டான 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள நாகப்பட்டினத்துக்குக் கடல் வந்தது, உங்கள் மொழியின் 'சுனாமி' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்துகொண்டது அன்றைக்குத்தான் என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அந்தப் புதிய பையின் வார்களை என் தோளுக்கு ஏற்றபடி இழுத்துக் கட்டினார்.

கும்பகோணத்துப் பழைய வீட்டில் வளர்ந்தவளுக்கு இந்த வீட்டு வாசல் அன்னியமாகத் தோன்றவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே தாழ்வான ஒரு தளம், அதற்குப் பெயர் கென்கான். செருப்பு அதோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து ஒரு படி ஏறினால் வீடு. திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி இருப்பதுபோல, வெளியும் அல்லாமல் உள்ளும் அல்லாமல் ஓரிடம். கழற்றிய காலணியை முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது மட்டும் எனக்குப் புதிது. உள்ளே நடக்க ஒரு ஸ்லிப்பர், கழிவறைக்குள் மட்டும் வேறொன்று, பாய் விரித்த ததாமி அறையில் எதுவுமே கூடாது. இதெல்லாம் மூன்று நாளில் பழகிவிட்டது. நான் தவறியது அதே வாசலில் சொல்ல வேண்டிய இரண்டு சொற்களில்.

வகுப்புத் தோழர்களோடு ஒரு சனிக்கிழமை வெளியூர்ப் பயணம் போக வேண்டியிருந்தது. காலை ஆறரைப் பேருந்து. எல்லோரும் தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்று ஸ்லிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனேன். போகும் செய்தியை முந்தின நாளே சொல்லியிருந்ததால் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. ஒபாச்சானிடம் சொல்லவில்லை என்பது நினைவிலேயே இல்லை. ஒத்தோசானும் ஒக்காசானும் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பாட்டி எழுந்து, என் காலணியைக் காணாமல், அறையைப் பார்த்து, தெருமுனை வரை போய்ப் பார்த்திருக்கிறார். ஒலி அணைத்திருந்த என் கைப்பேசியில் வீட்டுத் தொலைபேசியிலிருந்து நான்கு அழைப்புகள். மாலையில் திரும்பியபோது யாரும் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒக்காசான் சொன்னார்: "நாங்கள் தூங்கினாலும் சொல்லிவிட்டுப் போ. தூக்கத்தில் காதில் விழுந்தால் போதும்." நோதோ முனையில் இருக்கும் தன் தங்கையிடமிருந்து அந்த ஜனவரியில் இரண்டு நாள் எந்தத் தகவலும் வராமல் இதே வாசல்படியில் உட்கார்ந்திருந்ததைப் பாட்டி அப்போதுதான் என்னிடம் முதன்முதலாகச் சொன்னார். தங்கை நலமாக இருக்கிறார். ஆனாலும் அந்த இரண்டு நாள் பாட்டிக்குள் இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

வெளியே கிளம்புகிறவர் சொல்ல வேண்டியது 'இத்தே கிமஸ்'. வீட்டில் இருப்பவர் திருப்பிச் சொல்வது 'இத்தே ராஷ்ஷாய்'. சென்னையில் படித்தபோது இவற்றை வாழ்த்துச் சொற்களின் பட்டியலில் காலை வணக்கத்துக்கும் நன்றிக்கும் இடையே மனப்பாடம் செய்திருந்தேன், பிரித்துப் பார்த்ததில்லை. அன்று மாலை பாட்டி பிரித்துக் காட்டினார். 'இத்தே' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். போய் வருகிறேன், போய் வா. எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி தாண்டினால் அம்மா திரும்பக் கூப்பிட்டு 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று திருத்தி அனுப்புவாள். அதே இரண்டு வினைகள், அதே வரிசை. இதைச் சொன்னதும் பாட்டி தமிழில் சொல்லிக்காட்டச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டு, 'போயித்து வரென்' என்று தானும் சொல்லிப் பார்த்தார். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் மூலத்திலேயே உறவுண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல்லாண்டு வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. ஆனால் வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபுபோலச் சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், ஒரு செயலுக்குமேல் இன்னொன்றை எச்சமாக அடுக்கிக்கொண்டே போவதும் இங்கு வந்த நாள்முதல் எனக்குப் பெரிய துணையாக இருக்கின்றன. தமிழில் நினைத்து அப்படியே சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் பல நேரங்களில் வாக்கியம் சரியாக வந்துவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நான் சைவம், முட்டையும் உண்பதில்லை. படிவத்தில் இதை எழுதியபோது எந்தக் குடும்பமும் ஏற்காது என்றே நினைத்தேன். ஜப்பானியச் சமையலில் மீன் தட்டில் தெரிவதைவிடத் தெரியாமல் இருப்பதே அதிகம். 'தாஷி' என்னும் சாற்றில்தான் மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்பும் குழம்பும் காய்கறி வேகவைப்பதும் தொடங்குகின்றன. அந்தச் சாறு பெரும்பாலும் கட்சுவோ மீனை வேகவைத்து, புகையிட்டு உலர்த்திச் சீவிய துருவலில் எடுக்கப்படுகிறது. முதல் நாள் இரவு என் முன்னால் வைத்த மிசோ சூப்பைக் கையில் எடுக்கத் தயங்கினேன். ஒபாச்சான் அடுப்படிக்குப் போய், தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த கொம்பு என்னும் கடற்பாசிப் பட்டையையும் உலர்ந்த ஷீதாக்கே காளானையும் பாத்திரத்தோடு கொண்டுவந்து காட்டினார். இவ்விரண்டிலிருந்து மட்டும் சாறெடுக்கும் முறை பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலைச் சேர்ந்தது. இந்தப் பகுதி ஜோதோ ஷின்ஷூ பௌத்தம் வேரூன்றிய மண். 1488 முதல் ஏறத்தாழ நூறாண்டு, அந்த நெறியைப் பின்பற்றிய உழவர்களும் துறவிகளும் சிறு பிரபுக்களும் கூடி, இந்தப் பகுதி அன்று அடங்கியிருந்த காகா நாட்டைத் தாங்களே ஆண்டிருக்கிறார்கள். அந்த நெறியின் நிறுவனரான ஷின்ரானின் நினைவு நாளில் மீன் இல்லாமல், அசுகிப் பயற்றோடு கிழங்குகளும் வேரும் சேர்த்துச் சமைப்பது பாட்டியின் பிறந்த வீட்டு வழக்கம். ஆண்டுக்கு ஒரு நாள் சமைத்ததை எனக்காகத் தினமும் சமைக்கிறார் என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

இருந்தும் ஒரு நாள் தவறியது. மூன்றாவது வாரம் ஒக்காசான் வேலையிலிருந்து களைத்து வந்து, புட்டியில் விற்கும் குழம்புச் சாற்றை ஊற்றி உதோன் நூடுல்ஸ் செய்திருந்தார். நான் கிண்ணத்தை முடித்த பிறகு, புட்டியை மூடும்போது அதன் முதுகிலிருந்த பொடி எழுத்தைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்சுவோச் சாறு. என்னிடம் வந்து முழங்காலிட்டு அமர்ந்து, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். என் அம்மாவைவிட நான்கைந்து வயது மூத்தவர். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பரவாயில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், அது முழு உண்மையும் இல்லை, வயிற்றில் ஏதோ புரண்டுகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் நான் உண்டது பெரிதாகத் தெரியவில்லை. மறுநாள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் இருந்தது. கட்சுவோ, அயிலை, உலர்ந்த நெத்திலி, ஜெலட்டின், கோழிச் சாரம் என்று பொட்டலங்களில் பார்க்க வேண்டிய சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி, கஞ்சிக்கு மேல் எனக்காக, ஒலியை மட்டும் காட்டும் ஹிராகானா எழுத்திலும் எழுதியிருந்தார். கஞ்சி என்றால் இங்கே சீன எழுத்து. சோற்றுக் கஞ்சி அல்ல. செய்தித்தாள் படிக்கத் தேவையான எழுத்துகளுக்கு முன்னால் இந்தச் சொற்களின் எழுத்துகள்தான் எனக்கு மனதில் பதிந்தன.

பாட்டி பரிமாறும்போது 'தாபெமாஷ்ஷி' என்பார். பாடநூலில் இல்லாத சொல், கனாசாவா வட்டார வழக்கு. 'சாப்பிடுங்க' என்று நம் ஊரில் இழுத்துச் சொல்லும்போது வரும் வாஞ்சை அதில் அப்படியே இருக்கிறது. காலையில் குக்கர் திறந்ததும் முதல் சோறு எங்களுக்கு அல்ல. பாட்டி ஒரு சிறிய பித்தளை அச்சில் சோற்றை அடைத்து, புட்டுக் குழலிலிருந்து தள்ளுவதுபோல் மெல்லத் தள்ளி உருளையாக எடுத்து, பித்தளைக் கிண்ணத்தில் நிறுத்தி, வீட்டுப் புத்த மாடமான புட்சுதானின் முன் வைப்பார். கருப்பு அரக்கு பூசிய கதவுகள், உள்ளே முழுதும் மெல்லிய தங்கத் தகடு. ஜப்பானின் மெல்லிய தங்கத் தகடு ஏறத்தாழ முழுவதும் தயாராவது இந்த ஒரே நகரத்தில்தான். சற்று நேரத்தில் அந்தச் சோற்றை இறக்கிக்கொண்டு வந்து அவரே உண்பார், வீணாக்குவதில்லை. முதல் நாள் அதைப் பார்த்தவுடன் எங்கள் வீட்டில் காக்கைக்கு வைக்கும் பிடிச் சோறு நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. நான் பரிசாகக் கொண்டுவந்திருந்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் உச்சியில் ஓர் அன்னம் உண்டு. புட்சுதானில் மெழுகுவத்தி நிற்கும் பித்தளைத் தண்டும் ஒரு பறவைதான், ஆமையின் முதுகில் நிற்கும் கொக்கு. பாட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்கை மாடத்துக்குள் வைக்காமல், அதற்கு எதிரே இருந்த தாழ்வான மேசையில் வைத்தார். அன்னமும் கொக்கும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன.

இவ்வளவு அன்புக்கு நடுவிலும் முதல் ஐந்து வாரம் நான் விருந்தாளியாகவே இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தவறு அவர்களுடையது அல்ல. தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நான் அறைக்குள்ளேயே இருந்தேன். குளிர்ந்தாலும் ஹீட்டர் போடச் சொல்லிக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றால் வேண்டாம் என்றேன். இதற்கு அவர்கள் மொழியில் 'என்ரியோ' என்று பெயர், நாம் சங்கோஜம் என்போம். நல்ல குணம் என்றுதான் நானும் வளர்க்கப்பட்டேன், அவர்களும் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். நான் கூச்சத்தில் ஒதுங்க, எனக்கு இங்கே பிடிக்கவில்லையோ என்று அவர்கள் ஒதுங்க, இரு பக்கமும் மரியாதை கூடிக்கொண்டே போய்ப் பேச்சு குறைந்தது. வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் பழக்க வழக்கங்களின் பட்டியலைத் தேடிப் படிக்கிறார்கள், நானும் படித்தேன். அதில் எதுவும் என்னை உறுத்தவில்லை. என் சொந்த மரியாதையே குறுக்கே நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜப்பானிய வீடுகளில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாகச் சோற்றுக் கிண்ணமும் குச்சிகளும் உண்டு. அப்பாவின் கிண்ணத்தில் மகன் உண்பதில்லை. எனக்கு வந்ததோ, விருந்தாளிகளுக்காக வைத்திருந்த வெள்ளைக் கிண்ணம். நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒக்காசான் என்னைக் குதானி பாண்டங்கள் விற்கும் கடைக்கு அழைத்துப் போய், பிடித்ததை எடு என்றார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பகுதியில் செய்யப்படும் பீங்கான் அது. பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம், சிவப்பு என்று ஐந்து வண்ணத்துக்குப் பேர்போனது. வழக்கம்போல் விலை குறைந்ததைத் தேடினேன். அவர் என் கையிலிருந்ததை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, "விலையைப் பார்க்காதே, கையில் பிடித்துப் பார்" என்றார். பச்சையில் மஞ்சள் இலை ஓடும் ஒரு கிண்ணம் உள்ளங்கையில் சரியாக அமர்ந்தது. அடியில் பூசாமல் விட்ட வளையம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். சூடான சோறு போட்டால் விரல் அங்கேதான் பிடிக்கும். அன்றிரவு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டும் என்று முதன்முறையாகக் கிண்ணத்தை நீட்டினேன். ஒத்தோசான் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அதே மாதத்தில் அவர் என்னைக் கென்ரோகுவென் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இந்த ஊர்ப் பனி ஈரம் மிகுந்தது, கனமானது, கிளை முறிந்துவிடும். அதனால் நவம்பர் 1 முதல் தோட்டக்காரர்கள் மரத்தை ஒட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இறக்கிக் கட்டுகிறார்கள். காராசாக்கி என்னும் பைன் மரம் ஒன்றுக்கு மட்டும் ஐந்து கம்பங்கள், ஏறத்தாழ 800 கயிறுகள். கயிறு இழுபட்டுக் கிளையைத் தூக்கிவிடாமல், தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்படி கட்டுவதுதான் வேலைத்திறம் என்று ஒத்தோசான் சொன்னார். சனி, ஞாயிறுகளில், இந்த ஊர் இருக்கும் இஷிகாவா மாகாணத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. நான் பணப்பையைத் திறந்தபோது அவர் தடுத்து, உன் குடியிருப்பு அட்டையைக் காட்டு என்றார். அட்டையின் பின்பக்கத்தில் நகராட்சி அலுவலகத்தில் பதித்துக் கொடுத்த முகவரி இருக்கிறது, இந்த வீட்டு முகவரி. வாயிலில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

இப்போது டிசம்பர். கனாசாவாவில் இடி குளிர்காலத்தில்தான் அதிகம். ஆண்டுக்குச் சராசரியாக 40 நாளுக்கு மேல் இடி இடிக்கும் ஊர் இது. 'பென்தோவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இங்கத்துப் பழமொழி, கட்டுச்சோறு போனாலும் போகட்டும் என்று பொருள். முந்தின வாரம் நள்ளிரவில் இடித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை பாட்டி அதை 'புரி ஒக்கோஷி' என்றார், கடலில் புரி மீனை எழுப்பிக் கரைக்கு அனுப்பும் இடியாம். ஒத்தோசானுக்கு அன்று ஒரே மகிழ்ச்சி.

குளியலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இங்கே ஒரே தொட்டி வெந்நீரில் வீடு முழுதும் ஒருவர்பின் ஒருவராக அமிழ்ந்து எழும். வெளியே அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்ட பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும் என்பதால் தண்ணீர் கடைசிவரை தெளிவாக இருக்கும். சுமார் 41 டிகிரிச் சூடு. புது நீரில் இறங்கும் முதல் முறை விருந்தாளிக்கு உரியது. வந்த நாள்முதல் தண்ணீர் தயார் என்று சுவர்ப் பலகை அறிவித்ததும் என்னைத்தான் அழைப்பார்கள், எண்பத்து மூன்று வயதுப் பாட்டி குளிரில் காத்திருப்பார். போன செவ்வாய்க்கிழமை அந்த அறிவிப்புக் கேட்டு நான் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கியபோது ஒபாச்சான் ஏற்கெனவே உள்ளே இருந்தார். அவருக்குப் பின் ஒத்தோசான், பிறகு ஒக்காசான். "நீ படித்து முடித்துவிட்டு மெதுவாக வா" என்று ஒக்காசான் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தார். பதினோரு மணிக்கு நான்காவது ஆளாக இறங்கினேன். நீர்மட்டம் நான்கு விரற்கடை குறைந்திருந்தது, சூடு இதமாக இருந்தது. கடைசியாகக் குளிப்பவருக்கு ஒரு வேலை உண்டு: சிறிய பம்புக் குழாயைத் தொட்டிக்குள் இறக்கி, மிச்ச நீரைச் சலவை இயந்திரத்துக்கு மாற்றி, காலையில் ஓடும்படி நேரம் வைக்க வேண்டும். அந்தக் குழாயை எப்படி மாட்டுவது என்று எழுதிய தாள் ஒன்று, ஹிராகானாவில், கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தது.